முன்சக்கர பிரேக் பேட் செட்: பேட்டில் குறையில்லை, சென்சார்தான் இல்லை

என் காரின் முன்சக்கரங்களுக்கு வாங்கிய இந்தச் செராமிக் பேட் செட்டைப் பொருத்தி 1,800 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். பிரேக் பிடிக்கும் திறனில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நான்கு பேட்டுகளும் அரம் போட வேண்டிய தேவையே இல்லாமல் காலிப்பரின் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிராக்கெட்டில் சரியாக உட்கார்ந்தன. உராய்வுப் பகுதியின் கனம் 11 மில்லிமீட்டர் இருந்தது. பேட்டும் டிஸ்க்கும் பழகுவதற்காக, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். அதற்குப் பிறகு கீச்சொலி வரவில்லை, வீலில் படியும் கரும்பொடியும் முன்பைவிடக் குறைவு.

குறை, பெட்டிக்குள் இல்லாத பொருளில் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள படத்தில், பேட்டின் தேய்மானத்தைக் கண்டறியும் சென்சார் வயர் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே அது இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும் என்ற வரி, பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பழைய சென்சாரையே கழற்றிப் புதிய பேட்டில் செருகினேன். டேஷ்போர்டில் எந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பேட் மாற்ற முடிவு செய்தேனோ, அதே விளக்கு வேலை முடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாமல் விளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வட்டத்தின் இருபுறமும் விட்டுவிட்டு வளைகோடுகள் கொண்ட மஞ்சள் விளக்கு பேட் தேய்மானத்தைக் குறிப்பது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு பெடலும் மெத்தென்று உள்ளே போனால் வண்டியை எடுக்கவே கூடாது. மஞ்சள் விளக்குதான் என்றாலும் நான் ஆயில் டப்பாவையும் பார்த்துவிட்டேன். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்வதால் டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். புதிய பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் டப்பாவுக்கே திரும்பி வரும். ஆகவே பேட் மாற்றிய பிறகு மட்டம் ஏறியிருக்க வேண்டுமே தவிர இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பது அதற்குத் தீர்வாகாது. என் வண்டியில் மட்டம் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

எஞ்சியது சென்சார் மட்டுமே. அதை மறுபடி கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பிளாஸ்டிக் முனை ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, நடுவில் கடுகளவு செம்பு பளபளத்தது. என் காரில் உள்ள வகையில் அந்த முனைக்குள் ஒரு மெல்லிய கம்பி வளைந்து திரும்புகிறது. பேட் தேய்ந்து முனை டிஸ்க்கில் உரசும்போது கம்பி அறுபட்டு மின்சுற்று துண்டிக்கப்படுவதால்தான் விளக்கு எரிகிறது. மல்டிமீட்டரில் வைத்தபோது மின்தொடர்பே காட்டவில்லை. நல்ல சென்சாராக இருந்திருந்தால் மின்தடை ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டியிருக்கும். விளக்கை ஒருமுறை எரியவைத்த சென்சார் தன் வேலையை முடித்துக்கொண்டது. அதைப் புதிய பேட்டில் செருகுவதில் பயனில்லை. விளக்கு எரியும் முன்பே பேட் மாற்றுகிறவர்கள் மட்டுமே, முனை தேயாமல் இருந்தால், பழையதை மீண்டும் பயன்படுத்தலாம்.

தனியாகச் சென்சார் வாங்கிப் பொருத்தி, சாவியைத் திருப்பி, மெனுவில் ரீசெட் செய்த பிறகே விளக்கு அணைந்தது. அறுந்த சென்சார் இருக்கும்வரை ரீசெட் ஏற்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் முதல் நாள் முழுவதும் ரீசெட்டையே திரும்பத் திரும்ப முயன்று நேரத்தை இழந்தேன்.

வயரை வெட்டி இரு முனைகளையும் முறுக்கிவிட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அணையும்தான். ஆனால் அடுத்த முறை பேட் முழுதாகத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசும்வரை எந்த எச்சரிக்கையும் வராது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டும் வண்டியில் இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. யாரும் செய்யக் கூடாது என்றே கேட்டுக்கொள்கிறேன்.

சென்சார் வயரைப் பழைய கிளிப்புகள் வழியாகவே கொண்டுபோய், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட் மாற்றியதும் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும்.

தயாரிப்பாளர் அந்தப் படத்தை மாற்ற வேண்டும், அல்லது சென்சாரைப் பெட்டியிலேயே வைத்து விலையைக் கூட்டட்டும். பேட்டின் தரத்துக்காக இதே செட்டை மறுபடியும் வாங்குவேன். பின்சக்கரங்களில் இன்னும் 5 மில்லிமீட்டர் மீதம் இருக்கிறது. அவற்றுக்கான சென்சாரை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.