தண்ணீருக்கடியில் மரம் அறுக்க: காற்று ரம்பமா, ஹைட்ராலிக்கா?

காசிமேட்டுப் பக்கம் டைவிங் வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர் கேட்டார்கள், மூழ்கிக் கிடக்கும் மரத்தை அறுத்துத் தூக்க எதை வாங்கலாம் என்று. பெட்ரோல் ரம்பம் நீருக்குள் ஓடாது, அதனால் போட்டி, அழுத்தக் காற்றில் ஓடும் காற்று ரம்பத்துக்கும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் ரம்பத்துக்கும்தான்.

செலவு: காற்று ரம்பம் மலிவு, கம்ப்ரசர் கையில் இருந்தால் இன்னும் மலிவு (மூச்சுக்காற்றுக்கு வேறு கம்ப்ரசர், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்).
ஹைட்ராலிக்குக்குப் படகில் பவர் பேக் (எண்ணெயை அழுத்தித் தள்ளும் எஞ்சினும் பம்பும்), எண்ணெய் போக ஒன்று வர ஒன்று என இரண்டு ஹோஸ்.

ஆழம்: விஷயமே இங்கேதான். 10 மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம் கூடும், ஆறேழு பாரில் ஓடும் காற்று ரம்பம் அதை எதிர்த்துத்தான் காற்றை வெளியே தள்ள வேண்டும், கீழே போகப் போகச் சோர்ந்துவிடும், குமிழி வேறு கண்ணை மறைக்கும்.
ஹைட்ராலிக்கில் எண்ணெய் சுற்றி மேலேயே திரும்புவதால் ஆழம் பெரிதாகப் பாதிக்காது.

பராமரிப்பு: இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காற்று ரம்பத்துக்கு உள்ளேயும் எண்ணெய் விடாவிட்டால் துருதான்.
ஹைட்ராலிக் கசிந்தால் எண்ணெய் தண்ணீரில் கலக்கும், மக்கும் எண்ணெயாகப் பார்த்து ஊற்றுங்கள்.

ஐந்து மீட்டருக்குள் எப்போதாவது இரண்டு கட்டை என்றால் காற்று ரம்பம் போதும். தினமும் இதே தொழில், பெரிய அடிமரம் என்றால் கடன் வாங்கியாவது ஹைட்ராலிக். அப்புறம், எண்ணூர் கழிமுகம் மாதிரி உப்புத்தண்ணீரில் கிடந்த மரமென்றால் முதலில் ஒரு துண்டு அறுத்துப் பாருங்கள், கப்பல் புழு உள்ளே சல்லடையாக்கி வைத்திருக்கும்.