பழைய மஹிந்திரா தார் ஜீப்புக்கு இரண்டாவது பேட்டரி
ஏற்காட்டில் கூடாரம் போட்டால் ராத்திரி முழுக்கக் குட்டி ஃப்ரிட்ஜ் ஓடும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, இரண்டு தடவை தள்ளிப் பார்த்தாச்சு, அதனால்தான் இந்தச் செலவு. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை. வேலை சுத்தம். எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் ஐசொலேட்டர் என்கிற தானியங்கி ஸ்விட்ச் இரண்டு பேட்டரியையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். இரண்டாவது பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் ஸ்டார்ட் பேட்டரி தப்பிக்கும். ஆனால் ஃபியூஸை ஒரு முனையில் மட்டும் போட்டிருந்தார்கள். ஒயரின் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கும்போது இரண்டு முனையிலும் வேண்டாமா? கேட்டதும் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன் அண்ணன். மதியம் தருகிறேன் என்ற வண்டி கைக்கு வந்தது ராத்திரி எட்டுக்கு, அது வேறு கதை. அப்புறம் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினேன், பேட்டரி தட்டு துளியும் ஆடவில்லை.