1953 டோஸ்கா: காலஸ், கோபி, டி ஸ்டெஃபானோ எப்படிப் பாடியிருக்கிறார்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் டோஸ்கா என்ற ஆப்பெராவுக்கு (முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகம்) ஒரே ஒரு பதிவு போதும், எதை வாங்கலாம் என்று கேட்டால், ஆப்பெரா கேட்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் 1953 ஆகஸ்டில் மிலானின் லா ஸ்காலா ஆப்பெரா அரங்கில் ஈஎம்ஐ நிறுவனம் பதிவு செய்ததைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் "மரியா காலஸ் பாடியது, வேறென்ன வேண்டும்" என்று அதோடு முடித்துவிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலஸ் அற்புதம்தான். இருந்தாலும் இந்தப் பதிவில் முதல் மதிப்பெண் யாருக்கு என்று கேட்டால் பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) தித்தோ கோபிக்குத்தான் கொடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1800 ஜூன், ரோம். சிறையிலிருந்து தப்பி வந்த அஞ்சலோத்தியை ஓவியன் கவரதோசி ஒளித்து வைக்கிறான். காவல்துறைத் தலைவன் ஸ்கார்ப்பியா கவரதோசியைப் பிடித்துச் சித்திரவதை செய்து, அந்த அலறலைக் கேட்க வைத்தே அவன் காதலியான பாடகி டோஸ்காவின் வாயிலிருந்து ஒளிவிடத்தைப் பிடுங்குகிறான். அப்புறம் காதலன் உயிரோடு வேண்டுமென்றால் அதற்கு விலை நீதான் என்கிறான். அவள் அவனைக் கத்தியால் குத்திக் கொல்கிறாள். மூன்றாவது அங்கத்தில் யாருமே மிஞ்சுவதில்லை.

இப்படிப்பட்ட கதைக்கு மூன்று பெரிய குரல்கள் இருந்தால் மட்டும் போதாது. பாடும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த நொடியில் ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அது கேட்பவருக்கு இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் உறைக்க வேண்டும். வெறும் குரல் அழகை வைத்து மதிப்பிட்டால் 1959-இல் டெக்கா நிறுவனத்துக்கு ரெனாத்தா தெபால்டி பாடியதும், 1962-இல் கரயான் இசைக்குழுவை நடத்தி லியோன்டீன் பிரைஸ் பாடியதும் இதைவிட ஒரு படி மேல். சொல்லைக் கொண்டு மதிப்பிட்டால் அவை இரண்டும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

சரி, ஸ்கார்ப்பியாவாகப் பாடும் கோபியிலிருந்தே தொடங்குகிறேன். பதிவின்போது அவருக்கு 39 வயது. அவருடையது பெரிய குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேல் ஸ்தாயியில் குரல் இறுகுவது தெளிவாகவே கேட்கிறது, அங்கே கொஞ்சம் வறட்சியும் உண்டு. ஆனால் ஸ்கார்ப்பியா முதல் அங்கத்தில் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அந்தக் குரலின் தோரணையிலேயே ஊர் முழுக்க இவனுக்குப் பயப்படுகிறது என்பது புரிந்துவிடும். ஆட்களிடம் ஒரு குரல், கோயில் பணியாளனிடம் ஒரு குரல், டோஸ்காவிடம் வேறொரு குரல். டோஸ்காவுக்குப் புனித நீரைக் கையில் ஏந்தி நீட்டி "தோஸ்கா திவினா" (தெய்வீக டோஸ்கா) என்று தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பட்டு. கெட்டவன் என்று காட்டுவதற்கு அவர் எதையுமே சேர்க்கவில்லை, அதனாலேயே பயமாக இருக்கிறது. பல பாரிடோன்கள் இந்த இடத்திலேயே உறுமத் தொடங்கிவிடுவார்கள். 1962 பதிவில் ஜுசெப்பே தத்தேய் பாடுவதும் எனக்குப் பிடிக்கும், அவர் குரல் கோபியைவிடத் தடித்தது, வளமானது. ஆனால் தத்தேயின் ஸ்கார்ப்பியா ஒரு முரடன். கோபியின் ஸ்கார்ப்பியா அரண்மனையில் வளர்ந்தவன், அவனிடமிருந்து தப்பிப்பது இன்னும் கஷ்டம்.

இது தானாக வந்தது இல்லை. இசைக்குழு நடத்துநர் விக்தோர் தெ சபாத்தா முதல் அங்கத்தில் கோபியின் பகுதியை மட்டும் முப்பது முறை பாட வைத்தாராம், ஒவ்வொரு அசையின் நிறத்தையும் மாற்றி மாற்றி. கேட்கும்போது அந்த உழைப்பு எங்கேயும் தெரியவில்லை, அதுதான் பெரிய விஷயம். முதல் அங்கம் முடியும் தெ தேயும் (தேவாலயத்தின் நன்றிப் பாடல்) காட்சியில் மணியோசை, பீரங்கி வெடி, பாடகர் பெருங்குழு, ஊர்வலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது, கீழே இரண்டே சுரங்கள் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்க, கோபி அதற்கு மேலே கத்திப் போட்டி போடாமல் தனக்குத்தானே திட்டம் போடுபவனைப் போலப் பாடுகிறார். மோனோ பதிவு (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) என்பதால் உச்சத்தில் ஒலி நெருக்கி அடிக்கிறது, குழுவின் சொற்கள் கரைந்து போகின்றன, கோபியின் குரலும் ஓரிரு வரிகளில் கொஞ்சம் மூழ்குகிறது. மறுக்க முடியாது. நல்ல ஸ்டீரியோ வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் ஏமாற்றம்தான்.

இனி காலஸ். அப்போது 29 வயது, குரல் முழு வலிமையோடு இருந்த காலம். முதல் அங்கத்தில் அவர் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மேடைக்கு வெளியிலிருந்து "மரியோ! மரியோ!" என்று கவரதோசியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதே சந்தேகம் குரலில் ஏறிவிட்டது, அது அருமை. ஆனால் காதலனை ஊருக்கு வெளியே உள்ள தங்கள் சிறு வீட்டுக்கு அழைக்கும் பாட்டில் ஒரு கதகதப்பு வேண்டும், கொஞ்சல் வேண்டும். அங்கே தெபால்டி குரலாலேயே அணைத்துக்கொள்கிறார். காலஸ் சரியாகப் பாடுகிறார், புத்திசாலித்தனமாகப் பாடுகிறார், ஆனால் நான் உருகவில்லை. அவர் குரலில் கீழ், நடு, மேல் மூன்றும் மூன்று பேருடையவை மாதிரி ஒலிக்கும் என்று பலர் குறை சொல்வார்கள், அமைதியான இடங்களில் அந்தத் தையல் தெரியத்தான் செய்கிறது. அதே அங்கத்தில் காதலன் வரையும் ஓவியத்தில் வேறொரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொறாமை தலைக்கேறும் இடத்தில் அந்த மூன்று குரல்களும் மாறி மாறி வந்து பாத்திரத்துக்கே உதவி செய்கின்றன.

இரண்டாம் அங்கத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. ஃபர்னேசே அரண்மனையில் ஸ்கார்ப்பியாவின் அறை, உள்ளே காதலன் அலறுகிறான். டோஸ்கா தாங்க முடியாமல் ஒளிவிடத்தைச் சொல்லிவிடும் வரி இருக்கிறதே, "கிணற்றில், தோட்டத்தில்" என்று, அதைக் காலஸ் உரக்கச் சொல்வதில்லை. மூச்சுத் திணறி, அவசரமாக, சொன்ன உடனே சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்படி. அதற்கு முன்னால் உச்ச ஸ்தாயியில் வரும் அலறல்களில் குரலில் ஒரு கூர்மை உண்டு, காதைக் குத்தும். எனக்கு அது குறையாகப் படவில்லை, அந்த நேரத்தில் வட்டமான அழகான சுரம் வந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

பிறகு பேரம். "க்வாந்தோ?" என்கிறாள், எவ்வளவு வேண்டும் என்று. கோபி அதே சொல்லைத் திருப்பிக் கேட்கிறார், அதில் ஒரு சின்னச் சிரிப்பு. "இல் ப்ரெத்சோ!" (விலை!) என்று காலஸ் அதற்குக் கொடுக்கும் பதிலில் உள்ள அருவருப்பு இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மொத்தம் நான்கைந்து சொற்கள்தான், ஏரியா என்கிற தனிப்பாடல் இல்லை, மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்தப் பதிவு ஏன் எழுபது ஆண்டுகள் தாண்டியும் விற்கிறது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். இங்கே காலஸை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோவது கோபி எதிரில் இருப்பதுதான். அவர் பதற்றப்படாததால்தான் இவருடைய பதற்றம் இத்தனை நிஜமாகிறது. மற்ற பதிவுகளில் இந்தக் காட்சி இரண்டு பேர் மாறி மாறிக் கத்துவதாக முடிந்துவிடுகிறது.

எல்லோரும் காத்திருக்கும் டோஸ்காவின் தனிப்பாடல் "விஸ்ஸி தார்த்தே" பற்றி ஒரே பத்தி போதும். நீளமான மூச்சு, கடைசி உச்சம் ஆடாமல் நிற்கிறது, அதிலிருந்து இறங்கும் சுரங்களை மெல்லக் கரைக்கிறார். 1964 கடைசியில் பாரிஸில் ஜார்ஜ் ப்ரெத்ர் நடத்த அவர் டோஸ்கா முழுவதையும் ஸ்டீரியோவில் மறுபடி பதிவு செய்தார், கோபியும் உடன் இருந்தார். பதினோரு ஆண்டில் குரல் எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பது அந்த உச்ச சுரங்களின் நடுக்கத்திலேயே தெரியும். நடிப்பு இன்னும் ஆழமாகியிருக்கிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமான பதிவு, அடிக்கடி போடமாட்டேன்.

கொலைக்குப் பிறகு வருவது இன்னும் முக்கியம். செத்துப்போ, செத்துப்போ என்று அடிவயிற்றிலிருந்து வரும் குரல், பிறகு இறந்துவிட்டான், இனி மன்னிக்கிறேன் என்று அப்படியே அடங்குவது, கடைசியாக "எ அவாந்தி அ லூயி த்ரெமாவா தூத்தா ரோமா", இவன் முன்னால் ரோம் முழுவதும் நடுங்கியதே என்ற அந்த வரி. ஒரே சுரத்தில், ஏறக்குறைய பேச்சு. இந்த ஒரு வரிக்காகத் தெ சபாத்தா காலஸை அரை மணி நேரம் வாட்டி எடுத்தார் என்பார்கள். பழி தீர்த்த பெருமையோடு இதை முழங்குபவர்கள் நிறைய. காலஸிடம் அப்படி இல்லை, இவ்வளவு சாதாரண மனுஷனுக்கா நாங்கள் எல்லாம் பயந்தோம் என்ற திகைப்புதான் எனக்குக் கேட்கிறது.

கவரதோசியாகப் பாடும் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஜுசெப்பே டி ஸ்டெஃபானோ விஷயத்தில் விமர்சகர்கள் கொஞ்சம் அநியாயம் செய்கிறார்கள் என்பது என் கருத்து. சிசிலிக்காரர், அப்போது வயது 32. மேல் சுரங்களில் ஒலியைக் குவித்து மூடாமல் திறந்த ஒலியிலேயே பாடுவார், அது குரலுக்கு நல்லதில்லை என்று அன்றே சொன்னார்கள். அது உண்மைதான். இதே கவரதோசியை 1962-இல் கரயானுக்கு அவரே மறுபடி பாடியிருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்பது ஆண்டில் என்ன ஆயிற்று என்று விளக்கவே வேண்டாம். ஆனால் 1953-இல் அந்தத் திறந்த குரல் வெயில் அடித்தது மாதிரி இருக்கிறது. உச்சரிப்பு அவ்வளவு தெளிவு, பாட்டு வரிகள் அச்சான புத்தகத்தைப் பார்க்காமலே ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளலாம். "ரெகோந்திதா அர்மோனியா" என்ற அவருடைய தனிப்பாடல் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதில் அவர் இன்னும் சூடாகவில்லை, முடிவு கொஞ்சம் தள்ளப்பட்டது போல இருக்கிறது. உயிரைக் கொடுத்தாவது உங்களைக் காப்பாற்றுவேன் என்று அஞ்சலோத்தியிடம் சொல்லும் உச்சத்திலும் முரட்டுத்தனம். நெப்போலியன் வென்ற செய்தி வந்ததும் "வித்தோரியா!" என்று எழும்புகிறாரே, அங்கே அந்த முரட்டுத்தனமே சரியாகப் பொருந்துகிறது, அடி வாங்கிய மனிதன் மிச்சம் இருந்த பலத்தை எல்லாம் திரட்டிக் கூவுகிற மாதிரி.

அவருடைய உண்மையான பலம் மூன்றாம் அங்கம். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் கவரதோசி பாடும் "எ லூச்செவான் லெ ஸ்டெல்லெ"யில் நினைவுகள் வரும் வரிகளைத் தாழ்ந்த குரலில் தனியாக முணுமுணுப்பது போலத் தொடங்குகிறார். 1938 பதிவில் டெனர் ஜீல்யி இந்தப் பாட்டில் விம்மல்களைத் தாராளமாகச் சேர்ப்பார், அந்தக் காலத்துப் பாணி அது, எனக்கு அது ஒத்துவரவில்லை. டி ஸ்டெஃபானோ அந்த அளவுக்குப் போவதில்லை. அப்புறம் டோஸ்கா தன் கையால் கொன்றதைச் சொன்னதும் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு "ஓ தோல்ச்சி மானி" (இனிய கைகளே) என்று பாடும் மென்மை, இதை இத்தனை இதமாகப் பாடிய இன்னொரு டெனரை நான் கேட்டதில்லை. தெபால்டியோடு பாடும் மரியோ தெல் மோனகோவுக்குக் குரல் இரண்டு மடங்கு, ஆனால் இந்த இடத்தில் அவரால் குனியவே முடியவில்லை.

சின்னப் பாத்திரங்களில் யாரும் சோடை போகவில்லை. அஞ்சலோத்தியாக ஃப்ராங்கோ கலப்ரேசேவுக்கு ஓடிக் களைத்தவனின் மூச்சு இருக்கிறது. கோயில் பணியாளன் மெல்கியோர்ரே லூயிசே சிரிக்க வைக்க ரொம்பவும் மெனக்கெடவில்லை, அதற்கே ஒரு நன்றி. மூன்றாம் அங்கத்தில் வரும் ஆட்டிடையன் பாட்டு ஒரு சிறுவன் குரலில், கொஞ்சம் சுருதி அசைகிறது, பரவாயில்லை.

தெ சபாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் பாடகர்களைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. ஸ்டுடியோவில் அவர் பதிவு செய்த ஒரே முழு ஆப்பெரா இதுதான். அதே ஆண்டு மாரடைப்பு வந்து, பிறகு மேடைப் பக்கம் ஏறக்குறைய வரவே இல்லை. பாடகர் மூச்சு விடும் இடத்தில் இசைக்குழுவும் மூச்சு விடுகிறது, பாடகர் பதறும் இடத்தில் ஒரு மயிரிழை முன்னால் ஓடுகிறது. டி ஸ்டெஃபானோ மற்ற பதிவுகளில் இஷ்டத்துக்கு இழுப்பதை இங்கே செய்யாததற்குக் காரணம் இந்த மனிதர்தான் என்று நினைக்கிறேன். தயாரிப்பாளர் வால்டர் லெக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

வாங்குபவர்களுக்கு: மொத்தம் ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம், இரண்டு சீடி. ஈஎம்ஐயின் பழைய வெளியீடுகள் பலவும் நன்றாகவே இருக்கும், 2014-இல் வார்னர் மூல நாடாக்களிலிருந்து மறுபடி சுத்தம் செய்து வெளியிட்டதில் குரல்கள் இன்னும் பக்கத்தில் வந்திருக்கின்றன. நாக்சோஸ் பிரதியும் உண்டு, விலை குறைவு. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் பெயரை மட்டும் பார்த்து 1964 பதிவைப் போட்டுவிடாதீர்கள், இரண்டிலும் காலஸ், கோபி இருக்கிறார்கள், நடத்துநர் தெ சபாத்தா என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பெராவே புதிது என்றால் முதல் அங்கத்தில் தொடங்க வேண்டாம், பாட்டு வரிகளை மொழிபெயர்ப்போடு முன்னால் வைத்துக்கொண்டு இரண்டாம் அங்கத்தை மட்டும் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள், அது நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். பிடித்துவிட்டால் அடுத்தது தெபால்டி, அந்தக் குரலுக்காகவே.