முதல் மூட்டை விலையா, சராசரி விலையா? பருப்பு மண்டியின் கடைசி இருப்பு

மார்ச் கடைசி நாள். பருப்பு மண்டி ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேலி கணக்கு மென்பொருளைத் திறந்ததும் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "கடைசி இருப்பை ஃபிஃபோவுல போடலாமா, ஆவரேஜ்ல போடலாமா தம்பி? எதுல வரி குறையும்?"

விருதுநகரில் மண்டிக் கணக்கு எழுதுகிற எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு மார்ச்சிலும் வந்துவிடும். ஃபிஃபோ என்றால் முதலில் வந்த சரக்கே முதலில் விற்றதாக வைத்து விலை போடுவது, ஆவரேஜ் என்றால் சராசரி விலை போடுவது. நியாயமான கேள்விதான். ஆனால் அன்று அதற்குப் பதில் தேடப் போன இடத்தில் வேறொன்று கிடைத்தது. இரண்டையும் சொல்கிறேன். எண்களை மட்டும் கணக்கு எளிதாகப் புரியும்படி மாற்றியிருக்கிறேன்.

மார்ச் 1 அன்று மண்டியில் துவரம் பருப்பு 100 குவிண்டால், அடக்கம் குவிண்டால் 9,800 ரூபாய். 5ஆம் தேதி 60 குவிண்டால் விற்றது. 10ஆம் தேதி 150 குவிண்டால் 10,400 ரூபாயில் வந்து இறங்கியது. 15ஆம் தேதி 90 விற்றது. 22ஆம் தேதி 100 குவிண்டால் வந்தது, இந்தத் தடவை 11,200 ரூபாய். 27ஆம் தேதி 80 விற்றது. ஆக மொத்தச் சரக்கு 350 குவிண்டால், அடக்கம் 36,60,000 ரூபாய். விற்றது 230 குவிண்டால். குவிண்டாலுக்குச் சராசரி 11,000 என்று வைத்தால் விற்பனை 25,30,000 ரூபாய். புத்தகப்படி மீதி 120 குவிண்டால்.

இந்த 120 குவிண்டாலுக்கு நான்கு விதமாக விலை போடலாம். மொத்த அடக்கத்தில் கடைசி இருப்பு போக மிஞ்சுவதுதான் விற்ற சரக்கின் அடக்கம்; அதை விற்பனையில் கழித்தால் மொத்த லாபம். எல்லாம் மாதம் முழுவதையும் சேர்த்துப் போட்டது. நகரும் சராசரி மட்டும் ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் போட்டது.

| முறை | கடைசி இருப்பு (ரூ.) | மொத்த லாபம் (ரூ.) |
|---|---|---|
| முதலில் வந்தது முதலில் போவது (ஃபிஃபோ) | 13,28,000 | 1,98,000 |
| நகரும் சராசரி | 12,88,421 | 1,58,421 |
| மாத மொத்தச் சராசரி | 12,54,857 | 1,24,857 |
| கடைசியில் வந்தது முதலில் போவது (லைஃபோ) | 11,88,000 | 58,000 |

அதே பருப்பு, அதே பில், அதே மாதம். லாபம் மட்டும் 58,000 முதல் 1,98,000 வரை. அண்ணாச்சியின் விரல் நேராகக் கடைசி வரிக்குத்தான் போனது.

அந்த வரியை முதலிலேயே அடித்துவிட வேண்டும். லைஃபோவை இந்தியக் கணக்குத் தரநிலை ஏஎஸ் 2 ஏற்கவில்லை. வருமான வரிக்கான ஐசிடிஎஸ் 2 தரநிலையும் ஏற்கவில்லை. சர்வதேசத் தரநிலையிலிருந்தும் அது 2005இல் போய்விட்டது. அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது. நமக்கு அது உதவாது. டேலியின் பட்டியலில் லைஃபோ என்ற பெயர் இருக்கத்தான் செய்யும். கடைசிக் கொள்முதல் விலை என்ற ஒன்றும் அங்கே இருக்கும். அதைத் தொட்டால் 120 குவிண்டாலும் 11,200 ரூபாயில் ஏறி 13,44,000 ஆகிவிடும். அந்த விலைக்கு வாங்கியது 100 குவிண்டால்தான். விற்காத சரக்கில் லாபம் காட்டியதாகிவிடும்.

இனி மிஞ்சுவது ஃபிஃபோவும் சராசரியும். விலை ஏறும் காலத்தில் ஃபிஃபோ இருப்பை உயர்த்திக் காட்டும், லாபமும் உயரும், வரியும் உயரும். இறங்கும் காலத்தில் இது தலைகீழ். ஃபிஃபோவுக்கு ஒரு வலு உண்டு: கையில் இருக்கும் இருப்பு இன்றைய விலைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் குடோனுக்குள் போய்ப் பாருங்கள். பழைய மூட்டை அட்டியின் (மூட்டை அடுக்கின்) அடியில் கிடக்கும், புதிய லோடு முன்னால் இறங்கியிருக்கும், சுமைக்காரர் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார். முதலில் வந்தது முதலில் போகிறது என்பது அங்கே புத்தகத்தில் மட்டும் நடக்கிறது. மூட்டைக்கு மூட்டை வித்தியாசம் தெரியாத சரக்கில் சராசரியே நேர்மையான விலை என்பது என் கருத்து. டேங்கில் கொட்டிய எண்ணெய்க்கு இது இன்னும் பொருந்தும். பழையதும் புதியதும் அங்கே கலந்தே போய்விடுகின்றன.

காலாவதித் தேதி அச்சிட்ட ஒரு கிலோ பாக்கெட் விற்கிறவர்களுக்கு ஃபிஃபோதான். பழையதை முதலில் தள்ளாவிட்டால் நஷ்டம் என்பதால் கடையே அப்படித்தான் ஓடுகிறது, கணக்கும் அப்படியே ஓடட்டும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் எடுப்பவருக்கு இரண்டும் வேண்டாம். ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் தனி எண், தனி விலை, தனித் தரம். எந்த லாட் விற்றதோ அதன் விலையையே அடக்கமாக எடுக்கலாம். தரநிலை இதையும் அனுமதிக்கிறது, பிரித்து அடையாளம் காட்டக்கூடிய சரக்கு என்றால்.

சராசரி என்று முடிவெடுத்தாலும் எந்தச் சராசரி என்ற கேள்வி இருக்கிறது. மேலே இரண்டுக்கும் நடுவில் 33,564 ரூபாய் வித்தியாசம். லோடுக்கு லோடு விலை மாறும் சரக்கில் நகரும் சராசரிதான் மேல் என்பேன், ஏனென்றால் 5ஆம் தேதி விற்ற பருப்பின் மேல் 22ஆம் தேதி வாங்கிய விலையை அது ஏற்றாது. எதை எடுத்தாலும் வருஷா வருஷம் அதையே தொடர வேண்டும். தக்க காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது; மாற்றினால் லாபம் எவ்வளவு மாறியது என்று எழுதிக் காட்ட வேண்டும்.

முறையைவிட அதிகத் தவறு நடப்பது அடக்கம் கட்டுவதில்தான். லாரி வாடகை, இறக்குகூலி, வாங்கும்போது கொடுத்த தரகு எல்லாம் அடக்கத்தில் சேரும். விற்கும் செலவும், சரக்கு கிடந்த நாளுக்கான குடோன் வாடகையும், ஓசிசி (வங்கி ரொக்கக் கடன்) வட்டியும் சேராது. திரும்ப எடுத்துக்கொள்ளும் ஜிஎஸ்டி சேராது, எடுக்க முடியாதது சேரும். பருப்பில் இது ஒரு சிக்கல். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பொட்டலத்துக்கு 5 சதவீத வரி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. 26 கிலோ அரிசிப் பை கடைகளுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே பருப்பானாலும் மூட்டையையும் பாக்கெட்டையும் சரக்குப் பட்டியலில் இரண்டு பெயராக வைத்தால்தான் இரண்டின் அடக்கமும் தேறும்.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். அந்த மார்ச் 31 அன்று சந்தை இறங்கிவிட்டது. குவிண்டால் 10,600. விற்கும் தரகும் அனுப்பும் செலவும் 150 போனால் கைக்கு வருவது 10,450. விதி என்னவென்றால், அடக்கம், கைக்கு வரக்கூடிய நிகர விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பைப் போட வேண்டும். ஏற்கெனவே விலை பேசி முடித்த சரக்கு என்றால் பேசிய விலையைப் பார்க்க வேண்டும். அன்று பேசி முடித்தது எதுவும் இல்லை. 120 குவிண்டாலும் 12,54,000 ரூபாய். ஃபிஃபோவின் 13,28,000 அங்கே இறங்கியது, நகரும் சராசரியின் 12,88,421 இறங்கியது, மாதச் சராசரியும் 857 ரூபாய் குறைந்து அதே இடத்தில் வந்து நின்றது. ஒரு மணி நேரம் நாங்கள் பேசிய பேச்சுக்கு அன்று வித்தியாசமே இல்லாமல் போயிற்று. ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த ஒப்பீட்டைச் சரக்குச் சரக்காகத்தான் செய்ய வேண்டும். உளுந்தில் ஏறியதைக் காட்டித் துவரையில் இறங்கியதை ஈடுகட்ட முடியாது.

சந்தை இறங்காமலே இருந்திருந்தாலும், ஃபிஃபோவுக்கும் மாதச் சராசரிக்கும் இடையிலான 73,143 ரூபாய் எங்கும் ஓடிவிடாது. இந்த வருஷக் கடைசி இருப்புதான் அடுத்த வருஷ ஆரம்ப இருப்பு. இங்கே கூடிய லாபம் அங்கே குறையும். எந்த வருஷம் வரி கட்டுகிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. விலை உண்மையிலேயே முடிவை மாற்றும் இடம் கூட்டுத் தொழில் கலையும்போது. ஏ.எல்.ஏ. ஃபர்ம் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், கலைந்து தொழிலும் நின்றுபோனால் இருப்பைச் சந்தை விலையில்தான் மதிப்பிட வேண்டும் என்றது. சக்தி டிரேடிங் வழக்கில் 2001இல், பங்குதாரர் ஒருவர் இறந்தும் மற்றவர்கள் தொழிலை இடைவிடாமல் நடத்தினால் வழக்கமான மதிப்பீடே போதும் என்றது; ஐசிடிஎஸ் 2 வந்த பிறகு வருமான வரிக்கு இந்த நிலை மாறிவிட்டது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கப் போகும் மண்டிகள் இந்த இரண்டையும் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பிரிய வேண்டும்.

அன்று நான் அண்ணாச்சியிடம் கேட்டது வேறு. "ரேட்டு இருக்கட்டும் அண்ணாச்சி, மூட்டையை எண்ணியாச்சா?"

"டேலியில 120 காட்டுதே தம்பி."

எண்ணினோம். 120 குவிண்டால் என்றால் 50 கிலோ மூட்டை 240 இருக்க வேண்டும். 236தான் இருந்தது. ஒவ்வொரு அட்டியிலும் சில மூட்டைகளை எடுத்துத் தராசில் போட்டதில் எடையும் மொத்தத்தில் 60 கிலோ குறைந்தது. ஆக 117.4 குவிண்டால். 260 கிலோ காணோம். 10,450 கணக்கில் 27,170 ரூபாய். ரேட்டு வித்தியாசம் அடுத்த வருஷம் திரும்பும். இது திரும்பாது.

எண்ணுவதிலும் இரண்டு வழி உண்டு. மார்ச் 31 அன்று வியாபாரத்தை நிறுத்தி எல்லாவற்றையும் எண்ணுவது ஒன்று. வாரம் இரண்டு மூன்று சரக்காக வருஷம் முழுக்கச் சுற்றி எண்ணுவது இன்னொன்று. முதலாவதில் ஒரே நாளில் முழுப் படமும் கிடைக்கும், ஆனால் ஜூலையில் போன மூட்டையை மார்ச்சில் யாரிடம் கேட்பது? மண்டிக்கு இரண்டாவதே சரி. வருஷக் கடைசியில் ஒரு முழு எண்ணிக்கையும் அதனோடு சேரட்டும். மூன்றாவதாக ஒரு வழி பல இடங்களில் நடக்கிறது: போன வருஷ லாப விகிதத்தை வைத்து, அந்த லாபம் வருகிற மாதிரி கடைசி இருப்பைப் பின்னாலிருந்து போட்டுவிடுவது. இதை நான் முழுதாக எதிர்க்கிறேன். குறைந்த சரக்கெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடும், வருஷம் போகப் போகப் புத்தக இருப்பு வெறும் எழுத்தாகிவிடும். சரக்கின் வரவு, விற்பனை, சேதம், மீதி எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 56லும் இருக்கிறது.

எண்ணும்போது எந்தத் தேதிக் கணக்கில் எது சேரும் என்பதைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்து மார்ச் 30 பில்லோடு கிளம்பிய லாரி ஏப்ரல் 2 அன்றுதான் வரும். பில்லை ஏற்றிவிட்டுச் சரக்கை விட்டுவிட்டால் லாபம் அநியாயத்துக்குக் குறையும். உரிமை நம் கைக்கு வந்திருந்தால் அது வழியில் இருக்கும் நம் சரக்கு. பில் போட்டு விற்றுவிட்டு இன்னும் தூக்காத மூட்டையும், கமிஷனுக்காக வந்து கிடக்கும் அடுத்தவர் மூட்டையும் நம் இருப்பில் சேராது.

கொள்முதலைச் சரிபார்க்க, ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) போதுமே, சப்ளையரிடம் லெட்ஜர் (அவர் புத்தகத்தில் உள்ள நம் கணக்கு) எதற்கு என்கிறார்கள் புதிதாகக் கணக்குக்கு வரும் பிள்ளைகள். 2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வந்துவிடும். 2022 ஜனவரி 1 முதல் அதில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி) திரும்ப எடுக்க முடியாது. வரிக்கு அது கட்டாயம். ஆனால் வரி இல்லாத மூட்டைப் பருப்பைச் சப்ளையர் மொத்தத் தொகையாகத்தான் காட்டுகிறார், பில்வாரியாக அது 2பியில் வராது. பருப்பு மண்டியின் கொள்முதலில் பெரும்பகுதி அதில் கண்ணிலேயே படாது. நாம் கொடுத்த பணம், நாம் போட்டு அவர் ஏற்காத டெபிட் நோட், அவர் சொல்லி மறந்த தள்ளுபடி, எல்லாம் லெட்ஜரில்தான் தெரியும். இரண்டையும் பார்க்க வேண்டும்; நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் மூட்டை வியாபாரிக்கு லெட்ஜர், பாக்கெட் வியாபாரிக்கு 2பி.

வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டும் இதே புத்தகத்திலிருந்துதான் போக வேண்டும். கடன் லிமிட்டுக்காக அங்கே ஏற்றிச் சொன்ன இருப்பு, வரி அதிகாரி கையில் கிடைத்தால் கணக்கில் வராத சரக்கு என்ற கேள்வியாகத் திரும்பும்.

காணாமல் போன நான்கு மூட்டைக்கு அன்று மாலைக்குள் விடை கிடைத்தது. மூன்று மூட்டை 28ஆம் தேதி வாடிக்கைக் கடைக்குத் துண்டுச்சீட்டில் போயிருந்தது, பில் போடவில்லை. குவிண்டால் 11,000 கணக்கில் 16,500 ரூபாய். அந்தக் கடைக்காரர் போனிலேயே ஒப்புக்கொண்டார். ஒரு மூட்டை அண்ணாச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனது. அது விற்பனையும் இல்லை, குறைவும் இல்லை, அவர் எடுப்புக் கணக்கில் பற்று. மிச்ச 60 கிலோ காய்ந்து குறைந்ததும் சிந்தியதும். 350 குவிண்டால் புரண்ட இடத்தில் அது வழக்கமான குறைவுதான் என்பதால் தனி நஷ்டமாகக் காட்டவில்லை; மீதிப் பருப்பின் அடக்கத்திலேயே ஏற்றினேன். வரி கட்டி வாங்கிய பாக்கெட் சரக்காக இருந்தால், தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்கும். இது மூட்டை, அந்த வேலை இல்லை.

கடைசி இருப்பில் 117.4 குவிண்டால் என்று எழுதினேன். துண்டுச்சீட்டைக் கல்லாவிலிருந்து எடுத்து அண்ணாச்சி பில் புத்தகத்துக்குள் வைத்தார்.