தனித்திருக்கும் அம்மாவுக்கு நாயா, பூனையா, ஆடா, மீன்தொட்டியா?

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வளவில் தாயோ தகப்பனோ தனித்திருக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் அநேகம். “அம்மாவுக்குத் துணையா ஒரு நாய்க்குட்டி வாங்கி விடுவம்” என்று போனிலேயே முடிவாகிவிடும். துணை தேவைதான், ஆனால் எழுபது வயதுக்காரருக்கு நாய்க்குட்டி பெரும்பாலும் பிழையான தெரிவு. அவருக்கு எது குறைகிறது என்று முதலில் பாருங்கள்: படலையைத் தாண்டி வெளியே போக ஒரு காரணமா, மடியில் ஒரு சூடா, பகல் முழுக்கச் செய்ய ஒரு வேலையா?

வெளியே போக வைப்பதில் நாயை மிஞ்ச எதுவும் இல்லை. ஒழுங்கையால் நாயோடு நடப்பவரை நாலு பேர் நிறுத்திக் கதைப்பார்கள். பாதி மருந்து அதுதான். 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் நெடுநேரம் பார்க்கும்போது இருவர் உடலிலும் பாசத்தோடு தொடர்புடைய ஒக்சிடோசின் என்ற ஓமோன் கூடுவதைக் கண்டார்கள். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர்களில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் ஓராண்டுக்குள் இறந்தார்கள். சிறிய ஆய்வுதான், காரணம் பிராணிதான் என்று அது நிறுவவும் இல்லை. ஆனாலும் பிராணித் துணை பற்றிய ஆய்வுத் துறை பெரிதும் அங்கிருந்துதான் வளர்ந்தது.

குட்டி ஏன் வேண்டாம்? இரண்டு மாதக் குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு நேரச் சாப்பாடு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வெளியே விடுதல், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரசுக்கான தடுப்பூசிகள் முடியும்வரை காவல், காலுக்குள் ஓடி விழுத்தும் ஆபத்து. இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த ஊர் நாய் ஒன்றை எடுங்கள். பொமரேனியனும் அல்சேசனும் நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும். நடை காலை ஏழு மணிக்கு முன். தார் றோட்டில் புறங்கையை ஏழு செக்கன் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும். பட்டியைக் கையில் சுற்றிப் பிடிக்கக்கூடாது. நாய் திடீரென இழுத்தால் முதியவர் விழுவது அப்படித்தான். விசர்நாய் நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும். முற்றத்துப் பந்தலில் திராட்சை இருந்தால் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்க வேண்டும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முழங்கால் இயலாதவருக்குப் பூனைதான். அதற்கு நடை தேவையில்லை. பின்னேரம் சாய்மனைக் கதிரையில் மடியேறிப் படுக்கும். ஆனால் இழுத்துத் தூக்கினால் வராது. விரலை மூக்கு மட்டத்தில் நீட்டி மணக்க விட்டு, கன்னத்தையும் தாடையடியையும் மூன்று செக்கன் தடவிவிட்டு நிறுத்துங்கள். தலையால் முட்டினால் இன்னும் வேண்டுமென்று அர்த்தம். வால் நுனி துடித்தால் கையை எடுங்கள். முதியவரின் மெல்லிய தோலில் கீறல் ஆற நாளெடுக்கும், நீரிழிவு இருந்தால் இன்னும் கூட. சோறும் பாலும் மட்டும் கொடுத்தால் டோரின் என்ற சத்துக் குறைந்து பூனைக்குப் பார்வையும் இதயமும் கெடும்; மீனோ இறைச்சியோ வேண்டும். சூடை மீனைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் விற்றமின் பி1 அழியும், உப்பில்லாமல் அவித்து முள்ளெடுத்துக் கொடுங்கள். சுகமில்லாத பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

ஆட்டை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்மூரில் சேர்க்கத்தான் வேண்டும். தன்னால் திறக்க முடியாத பெட்டியைக் கண்டால் ஆடும் நாயைப்போல மனிதர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது என்று லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2016இல் காட்டினார்கள். தோட்டஞ்செய்து பழகிய கைக்கு, வேலியில் பூவரசங் குழையும் கிளுவையும் ஒடிக்கும் வேலை நாளை நிரப்பும். தனி ஆடு ஏங்கிக் கத்தும், இரண்டு மறியாக (பெண் ஆடாக) எடுங்கள், கிடாய் நாறும். பொங்கலன்று மிஞ்சிய புக்கையை அள்ளி வைப்பதுதான் வழமையான விபத்து: வயிற்றில் அமிலம் கூடி மறுநாளே ஆடு விழும். அதோடு, பேர் வைத்து வளர்த்த ஆட்டை இறைச்சிக்கு விற்பதில்லை என்று குடும்பத்துக்குள் முதலே பேசி வையுங்கள். அந்தத் துயரத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை.

மீன்தொட்டி தொடுகை தராது. ஆனால் மறதிநோய் உள்ளவருக்கு அது நல்லது: அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில், சாப்பாட்டறையில் மீன்தொட்டி வைத்தபின் அல்சைமர் நோயாளிகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் சுண்ணக்கல் கிணற்றுக் கடுந்தண்ணி கப்பி, மொலி மீன்களுக்கு ஒத்துவரும், நியோன் ரெட்ரா மீனுக்குச் சரிவராது. தொடக்கத்தில் மூன்று நான்கு மீன் போதும். பில்டரில் பக்டீரியா வளர ஒரு மாதத்துக்கு மேல் செல்லும், அதற்குள் நிறைய விட்டால் அமோனியாவில் சாகும். கிழமைக்குக் கால்வாசித் தண்ணி மாற்றுங்கள்.

கூட்டுக் குருவிகள் பார்க்க அழகுதான், ஆனால் தூசு கிளப்பும். இளைப்பு உள்ள வீட்டில் வேண்டாம்.

நடக்கக்கூடியவர் என்றால் வளர்ந்த ஊர் நாய், இல்லையென்றால் பூனை என்பதே எங்கள் தெரிவு. எதை எடுத்தாலும், அம்மா ஆறு மாதம் கனடா போய் நிற்கும்போது பார்க்கப்போகும் அயலவர் யார் என்பதை எடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். முதல் கிழமையிலிருந்தே அந்த அயலவர் தன் கையால் கிழமைக்கு ஒரு நேரமாவது சாப்பாடு வைக்கட்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் மீன்தொட்டியோடு நிறுத்துங்கள். கப்பிகளை வாளியோடு இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.