ஆறு வருடமாக மேசையில் இருக்கும் 30 வோல்ட் பவர் சப்ளை

சர்க்யூட்டுகளைச் சோதிக்க, வேண்டிய வோல்டேஜைக் குமிழால் வைத்துக்கொள்ளும் 0–30 வோல்ட், 5 ஆம்பியர் டிசி பவர் சப்ளை ஒன்றை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லீனியர் வகை. தூக்கினால் கை வலிக்கும். கரண்டை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் எஸ்எம்பிஎஸ் வகை எடை குறைவுதான், ஆனால் ஆடியோ சர்க்யூட்டுகளைச் சோதிக்கும்போது இரைச்சல் கலக்கக் கூடாது என்று இதை எடுத்தேன். அந்த விஷயத்தில் இன்றுவரை குறையில்லை.

வாங்கிய முதல் வாரமே "ரிப்பேர்" என்று முடிவு கட்டிவிட்டேன். 12 வோல்ட் வைத்துச் சர்க்யூட்டை இணைத்தால் டிஸ்பிளே 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மூடியைக் கூடக் கழற்றிவிட்டேன். விஷயம் என்னவென்றால், கரண்ட் குமிழ் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்தது. லோடு, அதாவது நாம் இணைத்த சர்க்யூட், கேட்கும் கரண்ட் நாம் வைத்த அளவைத் தாண்டப் பார்த்தால், சப்ளை வோல்டேஜைக் குறைத்துக் கரண்டை அந்த அளவிலேயே நிறுத்தும். அந்தச் சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்கிறது. இப்போது புதிதாகச் செய்த எந்த போர்டுக்கும் முதலில் 100 மில்லிஆம்பியருக்கு மேல் கொடுப்பதில்லை. என்னுடைய மாடலில் அந்தக் கரண்ட் அளவை டிஸ்பிளேயில் பார்த்து அமைக்கத் தனிப் பட்டன் கிடையாது. வோல்டேஜை 2, 3 வோல்ட்டுக்கு இறக்கி, சிவப்பு, கறுப்பு வயர்களை ஒன்றாகத் தொடவைத்து, வேண்டிய அளவுக்குக் குமிழைத் திருப்பி, பிறகு பிரித்துவிட வேண்டும். ஷார்ட் பண்ணுகிறோமே என்று முதலில் கை நடுங்கும், பழகிவிடும்.

முன்பக்கம் உள்ள பச்சை முனை எர்த், மைனஸ் இல்லை. கறுப்புக்குப் பதில் அதில் மாட்டிவிட்டு வோல்டேஜே வரவில்லை என்று அரை மணி நேரம் தேடிய அனுபவமும் உண்டு.

கூட வந்த வயர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பார்க்கத் தடிமன், உள்ளே செம்பு கொஞ்சம்தான். 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும் ஒரு போர்டு அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனது. டிஸ்பிளே 5.0 காட்டியது; மல்டிமீட்டரை போர்டின் முனையிலேயே வைத்தால் 4.4. போக வர இரண்டு வயருக்கும் சேர்த்து 0.2 ஓம் இருந்தால் போதும், 3 ஆம்பியரில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். தடித்த வயரில் நானே செய்துகொண்டேன், பிரச்சினை தீர்ந்தது.

நிஜமான பழுது ஒரே ஒரு முறைதான், நான்காம் வருடம். ஆன் செய்ததும் 30 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையவில்லை. நல்லவேளை, டிஸ்பிளேயைப் பார்த்த பிறகுதான் லோடை மாட்டும் பழக்கம் எனக்கு உண்டு. இப்படி முழு வோல்டேஜில் நின்றுவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாஸ் டிரான்சிஸ்டரைத்தான், அதாவது வெளியே போகும் கரண்டைத் தன் வழியாக விட்டுக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் குறுக்கே சிறிது நேரம் பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைத்தேன். உள்ளே அந்த வேலைக்கு 2என்3055 என்ற டிரான்சிஸ்டர் இரண்டு. அதன் முனைகளான கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டரை வைத்தால் இரு திசையிலும் பீப், அதாவது ஷார்ட். இரண்டும் பேரலல் என்பதால் போர்டில் இருக்கும்போது இரண்டுமே ஷார்ட் போலத் தெரியும். கழற்றிப் பார்த்ததில் ஒன்றுதான் போயிருந்தது. இரண்டையும் மாற்றினேன். அதன் உலோக உடம்பே கலெக்டர், அதனால் மின்சாரம் கடத்தாத மைக்கா தகட்டை இடையில் திரும்ப வைத்து, சூட்டை வாங்கும் உலோகமான ஹீட் சிங்கோடு தொடர்பு இல்லை என்பதை மீட்டரில் உறுதி செய்துகொள்ள வேண்டும். முதல் முறை ஆன் செய்தது சீரிஸ் பல்ப் வழியாக, அதாவது மெயின்ஸ் வயரின் நடுவே ஒரு பல்பை மாட்டி; உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். பல்ப் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கியது, அப்பாடா என்றிருந்தது.

காரணம் அந்தச் சமயத்தில் நான் ஓட்டிய வேலை என்றுதான் நினைக்கிறேன்: 3 வோல்ட், 5 ஆம்பியர், மணிக்கணக்காக. வோல்டேஜ் குறைவு, அதனால் சூடும் குறைவு என்று தோன்றும். லீனியரில் அது தலைகீழ். உள்ளே 15 வோல்ட் வந்து 3 வெளியே போனால், மீதி 12 வோல்ட்டும் 5 ஆம்பியரும் சேர்ந்து 60 வாட் அந்த டிரான்சிஸ்டர்களின் தலையில் விழும். லோடுக்குப் போவது 15 வாட்தான்! போதாக்குறைக்கு ஃபேனில் விரல் கனத்துக்குத் தூசி. இப்போது சில மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ் போட்டுத் துடைக்கிறேன்.

இன்றைய நிலை: டிஸ்பிளே மல்டிமீட்டரைவிட 0.1 வோல்ட் கூடக் காட்டுகிறது, அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் வோல்டேஜ் குமிழ் தேய்ந்துவிட்டது. 9 வோல்ட் பக்கம் வரும்போது திடீரென்று 14க்குத் தாவுகிறது. கிளீனர் அடித்துப் பார்த்தேன், ஒரு மாதம்தான் தாங்கியது. குமிழுக்குப் பின்னால் மாட்ட, பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாட்டும்வரை 9 வோல்ட் வேலைகளுக்கு லோடைக் கழற்றிவிட்டுத்தான் குமிழைத் தொடுகிறேன்.