3,610 டொலருக்கு ஒரு வசந்தகாலம்

என்னிடம் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. பல் மருத்துவர் ஒருவரிடம் கணக்கு எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகன் ஐஸ் ஹொக்கி விளையாடத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்காகக் கொடுத்த ஒவ்வொரு டொலரும், சறுக்குச் சப்பாத்தின் கத்தியைத் தீட்டிய கூலி உட்பட, அதில் எழுதப்பட்டிருக்கிறது. கடந்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையான பக்கங்களைக் கூட்டினேன். 4,635 டொலர். அந்த ஐந்து மாதங்களில் ஹொக்கிப் பருவம் என்று எதுவும் கிடையாது. ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குமுன், சும்மா இருக்கப் பயந்து நாங்கள் கொடுத்த காசு அது.

மூன்று இடங்களில் கொடுத்தோம். மூன்றின் பெயரையும் எழுதப்போவதில்லை. ரொறன்ரோவைச் சுற்றி இதே வார்ப்பில் இன்னும் எத்தனையோ இருப்பதால், பெயர் தெரிந்து உங்களுக்குப் பெரிய பயனும் இல்லை.

முதலாவது, வசந்தகால 'எலீட்' அணி. ஒன்ராறியோவில் அடுத்த குளிர்காலத்துக்கான போட்டி அணிகளின் தெரிவு, பனி உருகிய கையோடு வசந்தத்திலேயே நடந்துவிடும். மகன் 'ஏ' தரத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அதற்கு ஒரு படி மேலான 'ஏஏ' அணிக்குப் போகவேண்டும் என்பது அவனுடைய ஆசை. என் கணவருடைய ஆசை அதைவிடச் சற்றுப் பெரியது. பெப்ரவரியில், அரங்கின் வாசலில் கோப்பிக் குவளையோடு நின்ற ஒரு தகப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: அந்த 'ஏஏ' அணியின் பயிற்றுநர்தான் வசந்தகால அணியையும் நடத்துகிறார், அதில் சேராத பிள்ளையை அவர் எங்கே பார்க்கப்போகிறார் என்று. அன்றிரவே படிவம் நிரப்பினோம். "எல்லோரும் போகிறார்கள், நாங்கள் மட்டும் விட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவான்" என்றார் கணவர். நான் மறுத்துப் பேசவில்லை என்பதையும் எழுதிவிடவேண்டும்.

கட்டணம் 2,150. பத்து வாரம், வாரம் ஒரு பயிற்சி, மூன்று சுற்றுப்போட்டிகள். அணியின் பை, மேற்சட்டை, ஓட்ட உடுப்பு எல்லாம் சேர்த்து 340. வேண்டாம் என்று சொல்லமுடியாது. இரண்டு சுற்றுப்போட்டிகள் வெளியூரில் நடந்தன. விடுதிக்கும் பெற்றோலுக்கும் 1,120. ஆக 3,610.

பயிற்சி ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள். ஐஸைச் செப்பனிடும் வண்டி ஓடி முடிய அதில் பத்து நிமிடம் போய்விடும். அது எல்லா அரங்கிலும் உள்ளது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாளே எங்கள் அணியோடு இன்னொரு வயதுப் பிரிவையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். ஒரே ஐஸில் 31 பிள்ளைகள், நான்கு பயிற்றுநர்கள். மூன்றாவது வாரம் கைத்தொலைபேசியில் நிறுத்தற்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே போய் உட்கார்ந்தேன். மகன் நகர்ந்தபோது ஓடவிட்டேன், வரிசையில் நின்றபோது நிறுத்தினேன். 14 நிமிடம் 20 விநாடி. மிச்ச நேரமெல்லாம் மட்டையில் முகவாயை ஊன்றிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் இருந்த பெண் என்ன அளக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்குச் சொல்லாதீர்கள், நான் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டியிருக்கிறேன்" என்றார்.

கணக்குப் பார்க்கிறவளுக்கு மனம் அடங்காது. ஓர் அணியில் 17 பிள்ளைகள். 17 தடவை 2,150 என்றால் 36,550. கோடையில் ஐஸ் விலை கூடும் என்பது எனக்குத் தெரியும். நகரசபை அரங்குகள் பலவற்றில் வசந்தத்தோடு ஐஸை உருக்கிவிட்டு, வெறுந்தரையை, வலைமட்டையால் பந்தெறியும் லக்ரோஸ் போன்ற ஆட்டங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சிய சில அரங்குகள் வெளி வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு தரையை உறைநிலையில் வைத்திருக்கவேண்டும். அந்த மின்சாரத்துக்கு யாரோ காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு அணிகளை ஒரே ஐஸில் விட்டால் வாடகையும் பாதியாகிவிடுமே? அந்தப் பாதி எங்கள் பக்கம் வரவில்லை. ஆறாவது வாரம் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி ஒரு பயிற்சி நின்றது. மாற்று நாளும் தரவில்லை, காசும் திரும்பவில்லை. படிவத்தின் ஏழாவது பந்தியில் அது எழுதப்பட்டிருந்ததாம். வாசித்துப் பார்த்தேன், எழுதித்தான் இருந்தது.

அணித் தெரிவு ஏப்ரல் கடைசியில் நடந்தது. இரண்டாவது நாள் இரவு பத்தரைக்குப் பட்டியல் வந்தது. பெயர் இருக்காது, சட்டை எண் மட்டும்தான். கணவர் மேலிருந்து கீழாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தார். 64 இல்லை. கதவருகில் நின்ற மகன் ஒன்றும் கேட்காமல் படுக்கப் போய்விட்டான். அப்போது வசந்தகால அணியில் இன்னும் ஆறு வாரம் மிச்சம் இருந்தது; காசும் கட்டியாயிற்று. தன்னை வேண்டாம் என்று சொன்ன பயிற்றுநரிடம், வேண்டும் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து, ஜூன் நடுப்பகுதிவரை அவன் போய் வந்தான். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் கசந்தது காசு அல்ல, அந்த ஆறு வாரம்தான். அதற்குப் பிறகு ஒரு நாளாவது அந்தப் பயிற்றுநர் அவனைத் தனியே கூப்பிட்டு, இதில் நன்றாகச் செய்கிறாய், இதில் குறை இருக்கிறது என்று சொன்னதில்லை. எங்களுக்குக் கிடைத்தது வாராவாரம் எல்லோருக்கும் வரும் ஒரே மின்னஞ்சல்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். சுற்றுப்போட்டிகள் அவனுக்குப் பிடித்திருந்தன. ஐஸில் நடந்ததைவிட, விடுதியின் நடைபாதையில் சிறு மட்டைகளோடு இரவு பத்துமணிவரை விளையாடியது பிடித்திருந்தது. இப்போதும் அந்த வார இறுதிகளைப் பற்றிப் பேசினால் அந்த நடைபாதையில்தான் தொடங்குவான். அதற்கு ஒரு விலை உண்டென்று ஒப்புக்கொள்கிறேன், 1,120 என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஜூன் மாதம் நொண்டத் தொடங்கினான். குதிகால் வலி. 'எலீட்' அணியில் ஐஸுக்கு வெளியே வாரம் ஒரு நாள் கொங்கிறீட் தரையில் ஓட்டமும் குதிப்பும் இருந்தன. எங்கள் குடும்ப மருத்துவர் குதிகாலை இரு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு வளர்கிற இடத்தில் ஏற்பட்ட அழற்சி, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான், ஓய்வுதான் மருந்து என்றார். கூடவே, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையைப் பற்றியும் சொன்னார். ஒரே விளையாட்டில் முழுதாக இறங்கியிருக்கும் பிள்ளைக்கு, அந்த விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது விடுமுறை வேண்டும். அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக் கொடுக்கலாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் வேண்டும் என்பது அதன் சாரம். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். செப்டெம்பரிலிருந்து அவனுக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் விடுமுறை கிடைத்தது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். என் அம்மா இதை மார்ச்சிலேயே கேட்டுவிட்டார்: "வெயில் வரும் நேரத்தில் பிள்ளையை ஏன் குளிர்ப்பெட்டிக்குள் விடுகிறாய்?"

ஜூலை முழுவதும் மட்டையைத் தொடவில்லை. நீச்சல், பூங்காவில் மச்சான்மாரோடு பந்தடி, மிச்ச நேரம் சைக்கிள். கணவர் தவித்துப்போனார். அரங்கில் யாரைக் கேட்டாலும் கனடாவின் ஹொக்கி மேதை வேய்ன் கிரெட்ஸ்கியின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளையை விரட்டுவார்கள். 1971-72 பருவத்தில், பத்து வயதில், 378 கோல் அடித்தவர். வீட்டின் பின்புறம் தகப்பன் போட்டுக்கொடுத்த ஐஸில் பழகியவர். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அவர் கோடையில் பேஸ்போலும் லக்ரோஸும் விளையாடினார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். அவர் பிறந்தது ஜனவரியில் என்பதையும்தான். கனடாவில் ஹொக்கி வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியோடு வெட்டப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசெம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குத்தான் போட்டியிடவேண்டும். பெரிய அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பதை றோஜர் பான்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே எழுதிவிட்டார். என் மகன் நவம்பர்காரன். அந்தப் பத்து மாத வித்தியாசத்தை எந்த வசந்தகால அணியும் விற்கமுடியாது.

இரண்டாவது, ஓகஸ்ட் முதல் வாரம் நடந்த பகல்நேர முகாம். ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை, 625 டொலர். நாளுக்கு இரண்டு தடவை, ஐம்பது ஐம்பது நிமிடம் ஐஸ். மற்ற நேரத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் பந்தெறி விளையாட்டு, புதன்கிழமை ஒரு படம். கடைசி நாள் ஒரு சான்றிதழ் தந்தார்கள், அதில் அவனுடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ஆட்டத்தில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு இதில் குறை இல்லை. அந்த வாரம் நானும் கணவரும் வேலைக்குப் போயாகவேண்டும், பிள்ளையை எங்கேயாவது விடத்தான் வேண்டும். களைத்துச் சிரித்துக்கொண்டு வந்தான். பிள்ளை பராமரிப்பு என்று நினைத்துக் கட்டினால் நல்ல முகாம். 'திறன் மேம்பாடு' என்ற தலைப்பை நம்பிக் கட்டினால் ஏமாற்றம்.

மூன்றாவதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன். எங்கள் மருத்துவமனைக்கு வரும் ஒரு நோயாளி சொன்ன இடம் அது. அங்கே கற்றுத்தருபவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் நடனச் சறுக்கு ஆடியவர். ஓகஸ்டில் எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம், ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. மொத்தம் 400 டொலர். இணையத்தளம் கிடையாது, சட்டை கிடையாது, பை கிடையாது. முதல் வகுப்பில் மட்டையைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டார். மகனின் முகம் விழுந்துவிட்டது.

ஐந்து நிமிடம் அவனைச் சுற்றவிட்டுப் பார்த்தவர், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் வந்தார். "இவனுக்கு இடப்பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பொதுமக்கள் சறுக்கும் நேரத்தில் எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் சுற்றுவார்கள், அங்கே பழகிய பிள்ளைகள் பலருக்கு இந்தக் குறை இருக்கும் என்றார். வலப்பக்கம் வளையும்போது ஒரு காலுக்கு மேலாக மறு காலை எடுத்து வைக்கப் பயந்து, இரண்டு காலையும் ஊன்றியே வழுக்கிப் போகிறான். ஆட்டத்தில் பாதி நேரம் பின்தங்குவது அதனால்தான் என்றார். ஐந்து வருடம், எத்தனையோ பயிற்றுநர்கள். ஒருவரும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை.

பிறகு அவனை இருத்திச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஹொக்கிச் சப்பாத்து, நடக்கும் சப்பாத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறிதாக இருக்கவேண்டும். இரண்டு குளிர்காலம் தாங்கட்டும் என்று நான் ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தேன். உள்ளே கால் மிதந்துகொண்டிருந்தது. 3,610 டொலருக்கு யாரும் கண்டுபிடிக்காத அந்தக் குற்றம் என்னுடையது. அடுத்த நாளே பாவித்த பொருள் விற்கும் கடையில் சரியான அளவில் 70 டொலருக்கு ஒரு சோடி வாங்கினேன். கொப்பியில் அதை உபகரணப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், மேலே சொன்ன கூட்டுத்தொகையில் சேர்க்கவில்லை.

இங்கேயும் கடிகாரத்தை ஓடவிட்டேன். ஐம்பது நிமிடத்தில் 31 நிமிடம் நகர்ந்துகொண்டே இருந்தான். விழுந்ததையும் எண்ணினேன்: முதல் வகுப்பில் 19, கடைசியில் 4. குறையும் உண்டு. அந்தப் பெண்மணி கடுமையாகப் பேசுவார், ஒரு சிறுமி அழுதே விட்டாள். நேரமோ காலை ஆறே கால். 'பக்' என்ற றப்பர் வட்டைக் கையாளுவதிலோ, எங்கே நிற்பது, யாருக்குத் தள்ளுவது என்பதிலோ அவர் எதையும் கற்றுத்தரமாட்டார். கேட்டால், அது என் வேலை இல்லை என்பார். சறுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே காசு விரயம்தான்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கட்டணங்களுக்கு மத்திய அரசின் வரிச் சலுகை கொஞ்சம் கிடைத்தது. 2007இல் தொடங்கிய அந்தப் பிள்ளைகள் உடற்தகுதிச் சலுகை 2017இல் முற்றாக நிறுத்தப்பட்டது. மகன் விளையாடத் தொடங்கியது அதற்குப் பிறகு. எங்களுடைய அதிர்ஷ்டம் அப்படி.

இன்னும் சில வருடங்களில் வேறொன்றுக்குக் காசு கொடுப்பேன் என்று நினைக்கிறேன். 13 வயதுக்குட்பட்ட பிரிவில் உடலால் இடித்துத் தடுப்பதைக் கனடிய ஹொக்கிச் சங்கம் 2013இல் நீக்கிவிட்டது. அடுத்த பிரிவில், போட்டி அணிகளில், அது வந்துவிடும். அதற்கு முன், விழாமல் இடி வாங்குவது எப்படி, வேலியோரம் எப்படி நிற்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கிடைத்தால், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுச் சேர்ப்பேன்.

செப்டெம்பரில் 'ஏ' அணியின் முதல் பயிற்சிக்குப் போனோம். ஜூலை முழுவதும் ஐஸைத் தொடாதவன் என்று யாருக்கும் தெரியவில்லை. வலைக்குப் பின்னால் வலப்பக்கம் வளைந்து வெளியே வந்தான். பக்கத்தில் இருந்த கணவர் என் கையைப் பிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவன் கோல் அடிக்கவும் இல்லை. பந்தயத்தில் ஓடும் எருதைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு போய் வேலியில் மோதிக்கொண்டான்.

ஜனவரியில் வசந்தகால அணியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இம்முறை கட்டணம் 2,300. மாத இறுதிக்குள் கட்டினால் நூறு டொலர் கழிவு. கணவர் அதை எனக்கு அனுப்பிவிட்டு, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். நானும் பதில் எழுதவில்லை. அந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓகஸ்ட் வகுப்புக்கு ஏற்கெனவே நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். ஐந்தாவதாக மகனுடைய பெயரை எழுதச் சொன்னேன். சப்பாத்து என்ன அளவு என்று கேட்டார்.